மூலைப் பலகை

பெர்த்
14.2.1988

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை உர்சுலாவுக்கு,

அண்ணன் கிரிகரி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மார்க்கிரட்டும் சர்வேசுரன் கிருபையால் சுகம். உன் சுகத்தை, முக்கியமாக உன் முழங்கால்களின் சுகத்தை, விவரமாக எழுது.

ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் மணி பார்த்தே வாழ்ந்தவனுக்கு ஓய்வு என்பது பெரிய தண்டனை. காலையில் எழுந்தால் எந்த வண்டியும் வருவதில்லை, போவதில்லை. புல் வெட்டுகிறேன். அது வளர்கிறது. மறுபடி வெட்டுகிறேன். பிலோமினாவும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். மகள் இருக்கும் ஊர் என்று கடல் கடந்து வந்தோம், அவளைப் பார்ப்பது அவ்வளவுதான்.

இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு வெந்நீர்த் தொட்டி கட்டப் போகிறேன். சிரிக்காதே. இந்த ஊரில் சிலர் வைத்திருக்கிறார்கள், 'ஹாட் டப்' என்பார்கள். நாலு பேர் கழுத்தளவு வெந்நீரில் உட்காரலாம். கடையில் விற்பது பிளாஸ்டிக், எனக்குப் பிடிக்கவில்லை. மரத்தில், நம் ஆட்களின் அளவுக்கு, சொல்லிச் செய்யப் போகிறேன். உலு லங்காட் வெந்நீர் ஊற்றுக்கு அப்பா நம்மைக் கூட்டிப் போன அன்று, வெளியே வரமாட்டேன் என்று நீ அடம்பிடித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊற்றை என் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும்? உன் காலையும் நினைத்துத்தான் சொல்கிறேன்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
கிரிகரி


பிரிக்பீல்ட்ஸ்
2.3.1988

மரியே வாழ்க

மரியாதைக்குரிய அண்ணனுக்கும் அண்ணிக்கும் உர்சுலாவின் வணக்கம்.

என் சுகத்தை விவரமாகக் கேட்டீர்கள். இடுப்புக்கு மேலே சுகம். முப்பத்திநாலு வருஷம் தையல் மெஷினை மிதித்த கால்கள் இரண்டும் கோபித்துக்கொண்டிருக்கின்றன. படி இறங்கும்போது வலது கால் ஒரு வார்த்தை பேசினால் இடது கால் இரண்டு வார்த்தை பேசுகிறது.

உங்கள் தொட்டியைப் பற்றிப் படித்துவிட்டு, காஜா எடுக்க வந்திருந்த மாரியாயிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வருகிறாளே, அதே மாரியாயிதான். "கோழிய வேக வைக்கிற மாதிரி மனுசன வேக வைக்கிறதா?" என்று கேட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். உங்களுக்கு நீந்தவும் தெரியாது. ஆனாலும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. மாசம் ஒரு தடவை நானும் மாரியாயியும் அந்த ஊற்றுக்குப் போகிறோம். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய், காலை நனைத்துவிட்டு, நின்றுகொண்டே திரும்பி வந்தால், போன வலி வாசலில் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். வீட்டுக்காரர் பழனியப்பன் வந்திருந்தார். இந்த வரிசை வீடுகளை எல்லாம் இடித்துவிட்டுக் கடைவீடு கட்டப் போகிறாராம். "அக்கா, நான் ஒங்கள வெரட்டல. பலகையெல்லாம் கரையான் தின்னுருச்சு. அதுவா விழுறதுக்கு முன்னாடி நாமளே எறக்கிருவோம்லா" என்றார். நல்ல மனுஷன், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அக்டோபருக்குள் காலி செய்ய வேண்டும். இருபத்தாறு வருஷம் இருந்த வீடு. உங்கள் பிலோமினா பள்ளிக்கூடம் போனது இந்த வீட்டிலிருந்துதானே. எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை.

கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு கவுன் பாக்கி இருக்கிறது. அது முடிந்த பிறகு கவலைப்படலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

அன்புத் தங்கை,
உர்சுலா


பெர்த்
27.3.1988

அன்புள்ள உர்சுலா,

உன் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. இங்கே எல்லாரும் நலம். வெயில் தணிந்து வருகிறது.

பழனியப்பன் செய்தியைக் கேட்டு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கவலைப்படாதே. எல்லாம் நன்மைக்கே. வயதான காலத்தில் மனுஷன் சொந்தபந்தத்தோடு இருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி நினைக்கிறேன். இங்கே நாலு அறை, ஆள் இரண்டு பேர். பின்னறையில் என் பழைய தொப்பியும் பச்சைக் கொடியும் மட்டும் குடியிருக்கின்றன. அண்ணி சத்தமே இல்லாமல் பின்னுகிறாள். பேச ஆளில்லாமல் எனக்கு நாக்கே ஒட்டிக்கொள்கிறது. நீ இங்கே இருந்தால் வீடு வீடாக இருக்கும்.

தொட்டிக்குத் தச்சன் கிடைத்துவிட்டான். இத்தாலிக்காரக் கிழவன், முன்பு ஒயின் பீப்பாய் செய்தவன். ஆணியே அடிக்க மாட்டானாம். தேவதாரு மரத்தில் பலகைகளை வட்டமாக நிறுத்தி, வெளியே மூன்று இரும்பு வளையம் பூட்டி இறுக்குவான். தண்ணீர் விட்டதும் மரம் ஊறி, தானே இடைவெளியை அடைத்துக்கொள்ளும் என்கிறான். தண்ணீர் சுட வைக்க காஸ் அடுப்பு தனியாக, வேலி ஓரத்தில். உள்ளே சுற்றி உட்காரப் பலகை. நீ பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வாய்.

நாம் எல்லாரும் ஒன்றாக உட்காரும் நாளை நினைத்தே வேலை செய்கிறேன்.

அன்புடன்,
கிரிகரி


பிரிக்பீல்ட்ஸ்
20.4.1988

மரியே வாழ்க

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

பாஸ்கா பண்டிகை நல்லபடியாகக் கழிந்தது. இருபத்திரண்டு கவுனும் முடித்துக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் கோயிலில் வரிசையாக நின்றபோது ஒரு விளிம்பு கூட ஏறவோ இறங்கவோ இல்லை. தற்பெருமை பாவம்தான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். படிக்கப் படிக்க ஒரு நேரம் ஒரு மாதிரி தெரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

பழனியப்பன் மறுபடி வந்தார். பழைய குடித்தனக்காரர்களில் ஒற்றை ஆளாக இருப்பவருக்கு, பக்கத்துச் சந்தில் கட்டி முடித்திருக்கும் தன் கடைவீட்டு மாடியில் ஓர் அறை கொடுப்பதாகச் சொல்கிறார். வாடகையை ஏற்ற மாட்டாராம். கோயிலுக்கு நடந்து போகலாம், ஜன்னல் ஓரம் மெஷின் போடலாம். ஆனால் அறை ஒன்றுதான். "அக்கா, மொதல்ல ஒங்களத்தான் கேக்குறேன். ஜூன் கடைசிக்குள்ள சொல்லிருங்க. நீங்க வேணாம்னா பூ விக்கிற சீதாலெட்சுமி கேட்டுக்கிட்டு இருக்கு" என்றார்.

நேராகக் கேட்கிறேன், அண்ணே. நான் அங்கே வந்து உங்களோடு இருப்பதா? விருந்தாளியாக அல்ல, கடைசிவரை. வரட்டும் என்றால் வரட்டும் என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மாடி அறையை எடுத்துக்கொள்வேன். அண்ணியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீடு அவர்களுடையதும்தானே.

மாடிப்படி மட்டும் பதினெட்டு. கால்களிடம் இன்னும் சொல்லவில்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
உர்சுலா


பெர்த்
30.5.1988

அன்புள்ள தங்கச்சி,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எனக்குச் சளி, அண்ணிக்கு முதுகுவலி. இப்போது இருவரும் தேறிவிட்டோம். நீ எப்படி இருக்கிறாய்?

தொட்டி வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. உன்னிடம் ஒரு முக்கியமான காரியம் கேட்க வேண்டும். உள்ளே பலகை பொருத்துவதற்கு முன்னால் யார் யார் உட்காரப் போகிறார்கள், அவர்கள் அளவு என்ன என்று தச்சன் கேட்கிறான். கட்டையாக இருப்பவருக்குப் பலகையை உயர்த்திப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் தண்ணீர் வாய்க்குள் வந்துவிடும். பலகை உயர்ந்தால் கால் தொங்கும், அதற்கு அடியில் ஒரு கால்பலகையும் வேண்டுமாம். நம் வீட்டில் கட்டை யார் என்று உனக்கே தெரியும். அப்பா உன்னை அரை டிக்கெட் என்றுதானே கூப்பிடுவார்!

எனவே உன் அளவை உடனே அனுப்பு. வடக்குப் பக்க மூலை உனக்கு. வட்டத் தொட்டிக்கு மூலை ஏது என்று கேட்காதே, ஒதுக்கமான அந்த இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். அங்கேதான் காற்றுப் படாது. அந்த மூலையை உன் பெயரில் எழுதி வைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மற்றவை நேரில் பேசலாம்.

அன்புடன்,
கிரிகரி


பிரிக்பீல்ட்ஸ்
11.6.1988

மரியே வாழ்க

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் சளியும் அண்ணியின் முதுகுவலியும் குணமானதற்கு அந்தோணியார் பீடத்தில் மெழுகுதிரி ஏற்றினேன். என் கால்களுக்கும் சேர்த்து ஒரே திரி.

இதோடு ஒரு நூல் வைத்திருக்கிறேன், தூக்கி எறிந்துவிடாதீர்கள். கவுனுக்குப் போடும் தடித்த வெள்ளை நூல், மெழுகு தேய்த்திருக்கிறேன், நீளாது. உங்கள் ஊரில் சென்டிமீட்டர், என் கையில் இஞ்சு டேப். கணக்குப் போட்டு எவனாவது தப்பு செய்வான். நூல் எந்த ஊரிலும் நூல்தான். ஒற்றை முடிச்சு இருக்கும் முனையிலிருந்து இரட்டை முடிச்சு வரை, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு. அங்கிருந்து அடுத்த முடிச்சு வரை தொடை நீளம். அங்கிருந்து கடைசி முடிச்சு வரை, உட்கார்ந்தபடி பலகையிலிருந்து தோள்.

யாருக்கெல்லாமோ அளவு எடுத்தவளுக்கு, தனக்கு அளவு எடுக்க வரவில்லை. நூலைப் பிடித்துக் குனிந்தால் அளவு மாறிவிடுகிறது. மாரியாயிதான் எடுத்தாள். "ஆடாம குந்துங்கக்கா. இப்படி ஆடுனா ஒங்க அண்ணன் வீட்டுல ஒங்கள ஆட்டுத் தொட்டியிலதான் ஒக்கார வைப்பாரு" என்றாள். நான் சிரித்ததில் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. சந்தேகம் வேண்டாம், மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

நான் நேராகக் கேட்டதற்கு நீங்கள் நேராக எழுதவில்லை. முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. மாரியாயிகூட, "வான்னு ஒரு வார்த்த இல்லையேக்கா" என்றாள். "உனக்குத் தெரியாதுடி" என்று அவளைச் சத்தம் போட்டேன். என் தொழிலில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. தைக்கக் கொடுக்கிறேன், கொடுக்கிறேன் என்று நூறு பேர் சொல்லிவிட்டுப் போவார்கள். அளவு கொடுத்துவிட்டால் அது வேறு. அளவு எடுத்த பிறகு துணி வராமல் போனதில்லை. நீங்கள் அளவு கேட்டீர்கள், எனக்கு அதுவே போதும்.

வியாழக்கிழமை பழனியப்பனிடம் போய், மாடி அறை எனக்கு வேண்டாம், அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். அன்றைக்கே சீதாலெட்சுமிக்குச் சாவி கொடுத்துவிட்டார். அவள் என் வாசலில் வந்து அழுதுவிட்டு ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டுப் போனாள்.

விசா ஆபீசுக்கு உங்கள் அழைப்புக் கடிதம் வேண்டுமாம். அனுப்பி வையுங்கள். அங்கே குளிருக்கு என்ன துணி தேவை என்று அண்ணியைக் கேட்டு எழுதுங்கள், நானே தைத்துக்கொண்டு வருகிறேன்.

சந்தோஷத்துடன்,
உர்சுலா


பெர்த்
2.8.1988

அன்புள்ள உர்சுலா,

நலம். நலமறிய ஆவல். நூல் பத்திரமாக வந்தது. தச்சன் அதைக் கையில் வாங்கி, "யார் போட்ட முடிச்சு? இந்த ஆளை என்னிடம் வேலைக்கு அனுப்பு" என்றான். மூலைப் பலகையும் கால்பலகையும் பொருத்தியாகிவிட்டது. தண்ணீர் விட்டோம். ஆறு நாள் எல்லாப் பக்கமும் ஒழுகியது. ஏழாம் நாள் நின்றுவிட்டது.

பழனியப்பனிடம் அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டுமா? ஜூன் கடைசிவரை பொறுத்திருக்கலாமே. நீ சின்ன வயசிலிருந்தே அவசரக்காரி.

இப்போது இங்கே கடும் குளிர். உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. விசாவெல்லாம் முன்பு மாதிரி இல்லை, பல விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது. விசாரித்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறு.

அவசரத்தில்,
கிரிகரி


பிரிக்பீல்ட்ஸ்
25.8.1988

மரியே வாழ்க

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

அவசரக்காரி என்று எழுதியிருந்தீர்கள். அறுபதை நெருங்கியவளுக்கு அவசரம் இருக்காதா? அது போகட்டும். பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். போட்டோவில் தூக்குத் தண்டனைக்காரி மாதிரி இருக்கிறேன். விசா ஆபீசில் இருந்த பெண் நல்லவள். "ஆன்டி, உங்க பிரதர் ஒரு லெட்டர் எழுதட்டும், மத்ததெல்லாம் அப்புறம். லெட்டர் இல்லாம என்னால ஃபைலே திறக்க முடியாது" என்றாள். ஒரே ஒரு கடிதம், அண்ணே. கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை எல்லாம் கொடுத்துவிட்டேன். கை மெஷின் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன், அதைப் பெட்டியில் கொண்டுவரலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். வரிசையில் விளக்கு எரிவது என் வீட்டில் மட்டும்தான்.

குளிர் குறைந்ததும் எழுதுங்கள். எந்த மாசம் என்று மட்டும் எழுதினால்கூடப் போதும்.

உர்சுலா


கிள்ளான்
30.10.1988

அண்ணனுக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பாருங்கள். கீழே தெளிவாக எழுதியிருக்கிறேன்.

வீட்டை இடித்துவிட்டார்கள். பதினைந்தாம் தேதி பழனியப்பன் தன் லோரியிலேயே என்னையும் மெஷினையும் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து மாரியாயி வீட்டில் இறக்கினார். மாரியாயிக்கு ஒரு கூடம், ஓர் அறை. அறையை எனக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுக்கிறாள். "ரெண்டு வாரம்தானே" என்று நான் சொன்னேன். "ஆமாக்கா, ரெண்டு வாரந்தான்" என்று அவளும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்டில் எழுதிய கடிதம் கிடைத்ததா?

உர்சுலா


பெர்த்
20.11.1988

அன்புள்ள மச்சாள் உர்சுலாவுக்கு,

மார்க்கிரட் எழுதிக்கொண்டது. ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகம் தருவாராக. கடிதம் எழுதுகிற வேலையை உங்கள் அண்ணனிடம் விட்டுவிட்டேன், எனக்குச் சோம்பல். வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸ் கடிதமாவது என் கையால் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டு விலாசம் மனப்பாடமாக இருக்கிறது, பாருங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் பிலோமினா எழுதப் படித்த மேசை இன்னும் இருக்கிறதா?

இவர் கட்டிய தொட்டியின் போட்டோ வைத்திருக்கிறேன். தொப்பியோடு தண்ணீரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பது என் அக்கா நேசம்மா. சிங்கப்பூரில் மகனோடு ஒத்துப்போகவில்லை. செப்டம்பரில் எங்களோடு வந்து இருந்துவிட்டாள், பின்னறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். "இன்னொரு ஆள் வந்தா நல்லதுதானே" என்று இவரே சொல்லிவிட்டார். இவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது.

தொட்டி அழகுதான், ஆனால் ஒரு மூலைப் பலகையை மட்டும் ஏனோ உயரமாகப் போட்டிருக்கிறார்கள். யார் அளவோ தெரியவில்லை. கேட்டால் இவர் பேச்சை மாற்றுகிறார்.

நீங்களும் எப்போதாவது ஒரு வாரம், பத்து நாள் எங்களைப் பார்க்க வரக்கூடாதா? கூப்பிடுங்கள் என்று இவரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவளுக்கு ஊரைவிட்டு அசைய மனமில்லை என்கிறார்.

உங்கள் அன்பு அண்ணி,
மார்க்கிரட்


பெர்த்
10.12.1988

அன்புள்ள உர்சுலா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நீ மாரியாயி வீட்டில் சௌகரியமாக இருப்பது கேட்டு மனசுக்கு நிம்மதி. பழகின ஊர், பழகின ஆட்கள், இந்த வயதில் அதுதான் பெரிசு. இங்கே வந்தால் உனக்குத் தனிமையாக இருக்கும். நான் உன் நன்மையைத்தான் யோசிக்கிறேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அண்ணியின் அக்கா நேசம்மா கொஞ்ச நாளாக இங்கே இருக்கிறார். திடீரென்று வந்துவிட்டார், நான் என்ன சொல்ல முடியும்? மூலையில் அவர் உட்கார்ந்தால் தண்ணீர் மார்புக்குக் கீழேயே நின்றுவிடுகிறது, தோள் குளிர்கிறதாம். கால்பலகை முழங்காலைத் தூக்கி நெஞ்சில் இடிக்கிறது. தச்சனைக் கேட்டேன், நூலில் இருந்தபடிதான் செய்தேன் என்கிறான். நீ முடிச்சு போட்டதில் எங்கோ தவறு நடந்திருக்கலாம். மாரியாயியை எடுக்கச் சொன்னாய் அல்லவா, அதுதான். எப்படியும் பலகையை இறக்கிவிடப் போகிறேன்.

இன்னொன்று. அண்ணிக்கு எழுதினால் பழனியப்பன் விஷயம், அறை விஷயம் எல்லாம் எழுதாதே. அவளுக்கு இரக்க சுபாவம், மனசைப் போட்டு அலட்டிக்கொள்வாள்.

அன்புடன்,
கிரிகரி


கிள்ளான்
2.1.1989

அண்ணனுக்கு உர்சுலா எழுதுவது.

சுகம் விசாரிக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். உங்கள் சுகத்தைப் போட்டோவிலேயே பார்த்துவிட்டேன். ஆமாம், அண்ணி எனக்குக் கிறிஸ்துமஸ் கடிதம் எழுதியிருந்தார்கள். இடித்துப்போட்ட வீட்டு விலாசத்துக்கு. தபால்காரர் பழனியப்பனிடம் கொடுக்க, அவர் அதற்காகவே கிள்ளானுக்கு வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உயரப் பலகை யார் அளவோ தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஏப்ரலில் எழுதினேன். நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்கும், ஆனால் மாடி அறை இருந்திருக்கும். நான் ஊரைவிட்டு அசைய மாட்டேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பக்கம் என் பெயரில் மூலை எழுதி வைத்தேன் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினவளைப் பற்றிச் சொல்வார்கள். நான் தண்ணீரைப் பார்க்காமலேயே முழுகிவிட்டேன்.

உங்களுக்கு என்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. கேட்பவர் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான் உங்களுக்கு. எனக்கும் சரி என்பீர்கள், நேசம்மா அக்காவுக்கும் சரி என்பீர்கள். வண்டி எது முதலில் வந்ததோ அதற்குக் கொடி காட்டிவிட்டீர்கள். நான் ஏறி நின்றுகொண்டிருந்த வண்டிக்குக் கடைசிவரை சிவப்புக் கொடியும் காட்டவில்லை, பச்சைக் கொடியும் காட்டவில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் நீங்கள், அண்ணே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். முடிச்சில் தவறு என்று எழுதினீர்களே, அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்திநாலு வருஷத்தில் நான் எடுத்த அளவு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மாரியாயி எடுத்தாலும் மூன்று தடவை சரிபார்த்தவள் நான். உங்கள் தச்சனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அளவு சரி. ஆள்தான் மாறியிருக்கிறது.

பலகையைத் தாராளமாக இறக்குங்கள். நேசம்மா அக்கா குளிரில் உட்கார வேண்டாம், அவர் என்ன செய்தார் பாவம். அண்ணிக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பியிருக்கிறேன். தொட்டி அழகாக இருக்கிறது என்று மட்டும் எழுதினேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல. அந்த மனுஷி நன்றாகத் தூங்கட்டும். நீங்களும் பயப்படாமல் குளியுங்கள்.

இங்கே மாரியாயி காலையில் பிஸ்கட் டின்னில் தண்ணீர் காய வைத்து, காயோங் குவளையில் மொண்டு என் கால்களில் ஊற்றுகிறாள். "சூடு பத்துமாக்கா?" என்பாள். பத்தும் என்பேன். குளியலறைத் தரையில் உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. அதனால் அங்கே உட்காரப் பலகை போட, பக்கத்துக் கம்பத்து ஊரிலிருந்து பாலன் என்ற தச்சரைக் கூட்டி வந்தாள். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு, "நேரா ஒக்காருங்க ஆன்டி, அளவு எடுத்துக்கிறேன், பத்து நாள்ல பலகைய கொண்டாந்து போட்டுறலாம்" என்றார்.

நான் எழுந்து நின்றுகொண்டேன். முதலில் பலகை வரட்டும், அளவு அப்புறம் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உர்சுலா